டிராகனின் கைக்குழி

சொன்ன தேதியில் ரவிக்கையைக் கொடுத்துவிடுவது பிரிஜட்டின் வழக்கம். தேக்காச் சந்தையின் மற்றத் தையற்காரர்களுக்கு அவள்மேல் இருந்த ஒரே வருத்தம் அது.

சந்தை புதுக் கட்டடத்துக்கு மாறியபோது மேல்மாடியில் அவளுக்கு ஒரு கடை கிடைத்தது. இரண்டு மெஷின், ஆளுயரக் கண்ணாடி, வெட்டும் மேசை. மேசைக்கு மேலே தேவதூதர் மிக்கேல் சம்மனசின் படம். சம்மனசின் காலடியில் டிராகன் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். பத்து மாதமாக அதற்குக் கீழே நின்று துணி வெட்டியிருக்கிறாள். நிமிர்ந்து பார்த்ததில்லை.

இரண்டாவது மெஷினில் கண்மணி. ஹூக் வைப்பாள், ஓரம் மடிப்பாள். வருகிறவர்களின் குடும்ப விஷயங்களைப் பெயர் மாறாமல் ஞாபகம் வைத்திருப்பாள்.

அளவெடுக்கும்போது பிரிஜட் எல்லாரையும் இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்வாள். சும்மா நிற்கும்போது எடுத்த அளவு சும்மா நிற்பதற்கு மட்டும்தான் உதவும் என்பது அவள் கட்சி. பெண்கள் வெட்கப்படுவார்கள். கண்மணி சிரிப்பாள். பிரிஜட் டேப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

1983 ஜூன் முதல் சனிக்கிழமை நூருன்னிசா வந்தாள். கிளமெண்டியில் வீடு, பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. மாதக் கடைசியில் தம்பிக்குக் கல்யாணம். முழங்கை வரை கை வைத்து ஒரு பட்டு ரவிக்கை வேண்டும். சொல்லப்போனால் ரவிக்கையைப் பற்றி அவளுக்குக் கோபம்தான் இருந்தது. எந்தக் கடையில் தைத்தாலும் அக்குளில் கிழிந்தது. நாள் முழுக்க மேல்தட்டுக்குக் கையை நீட்டிப் புத்தகம் எடுக்கிற வேலை.

கையைத் தூக்கச் சொன்னபோது அவள் வெட்கப்படவில்லை. தூக்கினாள். போட்டிருந்த ரவிக்கை அங்கேயே கொஞ்சம் கிழிந்தது.

"இப்ப தெரியுதா?" என்றாள்.

பிரிஜட் பதினெட்டாம் தேதி என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அவள் கொடுத்துவிட்டுப் போன பையிலிருந்து பட்டுத் துணியை எடுத்தபோது அடியில் ஒரு ஆங்கிலப் புத்தகம் இருந்தது. முந்நூற்றுச் சொச்சம் பக்கம். தலைப்பே ஒன்றரை வரி நீளம். அட்டையில் கழுத்துவரை பொத்தான் போட்ட கவுனில் ஒரு பெண், கையில் குடை, தோளில் அளவு டேப். பின்னால் ஒரு மலை. கொஞ்ச நேரம் பார்த்தால் அது மலையில்லை, முதுகு என்று தெரியும்.

சீட்டின் அடிக்கட்டையில் நூருன்னிசாவின் டெலிபோன் நம்பர் இருந்தது. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பிரிஜட் முதலில் அந்த டேப்பைத்தான் பார்த்தாள். துணியில் செய்த டேப். நுனி தேய்ந்திருப்பதுகூட வரைந்திருந்தார்கள். வரைந்தவனுக்குத் தையல் தெரியும் என்று நினைத்தாள். படம் மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று திறந்தாள்.

கான்வென்டில் செகண்டரி டூ வரை படித்தவள். அதற்குப் பிறகு அவள் ஆங்கிலத்தில் படித்தது கோயில் அறிக்கையும் மெஷினோடு வந்த குறிப்புப் புத்தகமும். முதல் நாள் நான்கு பக்கம் போனது. மறுநாள் ஏழு. புதன்கிழமை பஸ்ஸில் படித்துக்கொண்டே போய், வீடு இருக்கும் தோ பாயோவில் இறங்க மறந்தாள். வியாழக்கிழமையும் மறந்தாள்.

கதை, ஒரு கிழவி தன் வாலிபக் காலத்தைச் சொல்வதாக இருந்தது. வரைபடத்தில் இல்லாத ஒரு நாடு. குதிரை வண்டிக் காலம். அகஸ்டா என்று ஒருத்தி, முப்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு டிராகன்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். கொல்ல வேண்டாம், பிடித்து அடைக்க வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். எவ்வளவு நீளம், என்ன தின்கிறது, தூங்கும்போது இமையை மூடுமா, அவ்வளவுதான். அதற்காகக் குடையும் டேப்பும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறாள். தூங்குகிற டிராகனின் வாலை அளந்து நோட்டில் எழுதுகிறாள். பதினேழு அடி நான்கு அங்குலம். அந்த நான்கு அங்குலத்தைப் படித்தபோது பிரிஜட்டுக்கு உடம்பு சிலிர்த்தது. அவளாக இருந்தாலும் அதை விட்டிருக்க மாட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கண்மணிக்கு அன்றன்றைய பங்கைத் தமிழில் சொன்னாள். அகஸ்டா என்று வெறுமனே சொல்ல வாய் வரவில்லை. அகஸ்டாம்மா என்றாள். கண்மணி சோற்றைப் பிசைந்தபடி கேள்வி கேட்டாள். குளிப்பதற்கு என்ன செய்தாள். அம்மாவும் அப்பாவும் எப்படி விட்டார்கள். டிராகன் சீனப் புத்தாண்டுக்கு வருகிற ஜாதியா. அதற்கு றெக்கை கிடையாது, இதற்கு உண்டு என்று பிரிஜட் விளக்கினாள். அப்போதுதான் இரண்டு பேரும் நிமிர்ந்து மிக்கேல் சம்மனசின் காலடியைப் பார்த்தார்கள். அதற்கும் றெக்கை இருந்தது. ரொம்பச் சின்னது. கோழிக்கே பத்தாது என்றாள் கண்மணி.

வீட்டில் அந்தோனிக்கும் கதை போனது. அவள் கணவன் சாங்கி விமான நிலையத்தில் கார்கோவில் வேலை செய்தான். பறக்கிறவற்றைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று நினைப்பவன். எடை எவ்வளவு என்று கேட்டான். நான்கு டன் இருக்கும் என்றாள். அந்தோனி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கதவு வழியாக ஏற்ற முடியாது, மூக்கைத் திறக்கிற பிளேனாக இருந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனான்.

நூற்றைம்பதாம் பக்கத்தில் பெரிய மனிதர்கள் வந்தார்கள். தலைநகரத்தில் ஓர் அறிஞர் சபை. டிராகன் உயரத்திலிருந்து காற்றில் சறுக்கும், அவ்வளவுதான், தரையிலிருந்து தானாக எழும்பிப் பறக்காது என்பது சபையின் முடிவு. பறந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்கிறாள் அகஸ்டா. சபைத் தலைவர் அவள் எடுத்து வந்த அளவுகளையே அவள் முன்னால் படிக்கிறார். தோளின் சுற்றளவு இவ்வளவு, றெக்கையின் அடிப்பாகம் இவ்வளவு. இந்த அளவுக்கு றெக்கை முதுகுக்கு மேலே தூக்கவே வராது. ஆகவே அம்மையார் பார்த்தது பொய். எல்லாரும் மேசையைத் தட்டுகிறார்கள்.

அளவுகள் பக்கத்தின் கீழே பொடி எழுத்தில் இருந்தன. பிரிஜட் தமிழ்ப் பேப்பரை விரித்து, ஒரு அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு வைத்து, நீலச் சாக்பீஸால் வரைந்து றெக்கையை வெட்டினாள். உடம்புக்கு இன்னொரு தாள். குண்டூசியால் தோளில் இணைத்துத் தூக்கிப் பார்த்தாள்.

தூக்கவில்லை. பாதி வழியில் இழுத்துப் பிடித்தது. இன்னும் தூக்கியதும் கிழிந்தது.

மறுபடி வெட்டினாள். மறுபடி கிழிந்தது. சபைத் தலைவர் சொன்னது சரி.

அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புத்தகத்தில் அகஸ்டா பொய் சொல்லியிருக்கலாம் என்பது அதுவரை தோன்றவே இல்லை. கதையே பொய்தானே அக்கா என்றாள் கண்மணி. கதை பொய்யாக இருக்கலாம், அளவு பொய்யாக இருக்கக் கூடாது என்றாள் பிரிஜட்.

இரண்டு நாள் கழித்து நூருன்னிசாவின் ரவிக்கையை எடுத்தாள். மலாய்க்காரர்கள் தங்கள் பாஜு கூரோங் சட்டையில் அக்குளுக்குக் கீழே ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைப்பார்கள். கெக்கெக் என்று பெயர். கையை இறக்கினால் மடிந்து உள்ளே போய்விடும், வெளியே தெரியாது. தூக்கினால் விரியும். ரவிக்கைக்கு யாரும் அதை வைப்பதில்லை. இந்தப் பெண்ணுக்கு வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தாள். இரண்டு அங்குலச் சதுரம். மூலையைக் கைக்குழியின் தையலில் பொருத்தி நான்கு பக்கமும் அடித்தாள். பிறகு கைத்துணியைப் பிடித்து மேலே தூக்கினாள்.

ரவிக்கை எந்த இழுப்பும் இல்லாமல் கையைத் தூக்கியது.

பிரிஜட் மெஷினை நிறுத்தினாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். பேப்பரை எடுத்து மூன்றாவது முறை றெக்கை வெட்டி, அடியில் ஒரு சதுரத்தை வைத்து, கோந்து போட்டு ஒட்டினாள். காயும்வரை பொறுக்கவில்லை. தூக்கினாள். பேப்பர் டிராகன் வெட்டும் மேசையில் நின்றபடி றெக்கையை முதுகுக்கு மேலே கொண்டுபோய் இறக்கியது. மறுபடி கொண்டுபோனது.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்மணியும் காரணம் தெரியாமல் சிரித்தாள். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"அந்தம்மா றெக்கைய மடக்கி வச்சிருக்கும்போது அளந்திருக்காங்க கண்மணி. தூங்குறப்ப. மடிப்புக்குள்ள ஒரு துண்டு தோல் இருக்கு. அத அளக்கவே இல்ல."

"அப்ப புத்தகத்துல அப்படித்தான் வருமா?"

அது தெரியவில்லை. இன்னும் நூற்றைம்பது பக்கம் இருந்தது. ரவிக்கை முடிந்துவிட்டது. சனிக்கிழமை நூருன்னிசா வருவாள், ரவிக்கையோடு புத்தகமும் போய்விடும். தான் கண்டுபிடித்தது சரியா என்று ஒருநாளும் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை பிரிஜட் கிளமெண்டிக்கு டெலிபோன் செய்தாள். பட்டின் நிறத்துக்கு நூல் பொருந்தவில்லை, ஒரு வாரம் தள்ளிக் கொடுக்கலாமா என்று கேட்டாள். நூருன்னிசா பரவாயில்லை என்றாள். புத்தகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பிரிஜட் கண்மணியிடம் சொன்னாள். கண்மணி, முடிந்து தொங்கிக்கொண்டிருந்த ரவிக்கையைப் பார்த்தாள்.

பிரிஜட் தேதி தவறிவிட்டாள் என்ற செய்தி மத்தியானத்துக்குள் மேல்மாடி முழுக்கப் போய்ச் சேர்ந்தது. எதிர்க்கடைக்காரர் வந்து உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். முகம் சந்தோஷமாக இருந்தது.

மதலேனா வருவது சனிக்கிழமைகளில். பிரிஜட்டின் கோயில்தான் அவளுக்கும். பீடத்துக்குப் பூ வைக்கிறவள். பூ வாங்கிக்கொண்டு மேலே வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். அன்றைக்குக் கதை நூற்றெழுபதாம் பக்கத்தில் இருந்தது. அகஸ்டா தன் சொல்லை நிரூபிக்கத் தனியாக மலைக்குத் திரும்பிப் போய், சரிவில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். ஓர் ஆட்டிடையன் குடிசையில் கிடக்கிறாள். பனி. பாதை மூடிவிட்டது. பிரிஜட் இதைக் கண்மணிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மதலேனா மடியில் பூவோடு கேட்டுக்கொண்டிருந்தாள். எந்தக் கால் என்று மட்டும் கேட்டாள். இடது என்றாள் பிரிஜட்.

மறுநாள் தமிழ்ப் பூசைக்கு முன் சாமியார் வழக்கம்போல் மக்கள் எழுதிக் கொடுத்த மன்றாட்டுக் கருத்துகளை வாசித்தார். இறந்தவர்களுக்காக இரண்டு. பரீட்சை எழுதுகிற ஒரு பையனுக்காக ஒன்று. பிறகு தாளைக் கொஞ்சம் தூரமாகப் பிடித்து வாசித்தார்.

"மலைநாட்டில் இடது கால் ஒடிந்து தனியே இருக்கும் அகஸ்டாம்மா நலமுடன் வீடு திரும்பவும், பெரியவர்கள் அவர்மீது சுமத்திய பழி நீங்கவும்."

கோயில் முழுக்க எழுந்து மன்றாடியது. பிரிஜட் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. கைக்குட்டையை வாயில் அடைத்தாள். தோள் குலுங்கியது. பின்வரிசைப் பெண் அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, உங்களுக்கு உறவா என்று காதில் கேட்டாள். பிரிஜட் தலையை எப்படி ஆட்டினாள் என்று தெரியவில்லை. ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள் அந்தப் பெண். அந்தோனி மட்டும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, "நாலு டன் ஆளா?" என்றான்.

பூசை முடிந்து படியிறங்குவதற்குள் ஆறு பேர் கேட்டுவிட்டார்கள். எந்த மலைநாடு, கேமரன் மலையா. ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்றா. பிரிஜட் எல்லாரிடமும், இன்னும் தகவல் இல்லை என்றாள். அதில் பொய் இல்லை.

அந்த வாரம் வெறிபிடித்தமாதிரிப் படித்தாள். அகராதியைத் தொடவில்லை. புரியாத வார்த்தையைத் தாண்டிப் போனாள். ஒரு ரவிக்கைக்கு இடது கையை இரண்டு பக்கமும் வைத்துவிட்டாள், பிரித்துத் தைத்தாள். விரலில் சாக்பீஸின் நீலம் எப்போதும் இருந்தது. பக்கங்களின் ஓரத்தில் கட்டைவிரல் ரேகை விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இருநூற்று நாற்பதாம் பக்கத்தில் இருந்தாள். குடிசை வாசலில், சமதரையில், டிராகன் வந்து இறங்கியிருக்கிறது. அகஸ்டா ஒடிந்த காலை இழுத்துக்கொண்டு, டேப்பைப் பல்லில் கடித்தபடி, பனியில் ஊர்ந்து போகிறாள்.

பல்லில் கடித்தபடி என்றே எழுதியிருந்தது. பிரிஜட் அந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

"வணக்கம்" என்றது ஒரு குரல், கண்ணாடிப் பக்கமிருந்து. நூருன்னிசா மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

பிரிஜட் கையிலிருந்த பேப்பர் றெக்கையை அந்தப் பக்கத்தில் வைத்து மூடினாள். எழுந்தாள். ரவிக்கையை எடுத்து மடித்தாள், பையில் போட்டாள், அதன்மேல் புத்தகத்தையும் வைத்தாள். நூருன்னிசா புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள். பஸ்ஸில் விட்டுவிட்டதாக நினைத்து மூன்று வாரமாக அழுதுகொண்டிருக்கிறாளாம். அறுபது பக்கம்தான் படித்திருந்தாளாம். கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கிறது, போட்டுப் பார்க்க நேரமில்லை, நீங்க தைத்தது சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

கண்மணி மெதுவாகக் கேட்டாள்: "கேட்டிருக்கலாம்லா, அக்கா?"

வாடிக்கையாளரின் பொருளைத் தொட்டதே இல்லை என்று பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற வாய். அது எப்படிக் கேட்கும். பிரிஜட் மெஷினில் உட்கார்ந்தாள். நூல் கோக்காமலே ஒரு சாண் தைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மதலேனா பூவோடு வந்தாள். உட்காருவதற்கு முன்னே கால் எப்படியிருக்கிறது என்று கேட்டாள். பிரிஜட்டால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அகஸ்டா என்று யாரும் இல்லை, புத்தகத்தில் வருகிற ஆள், கோயிலில் ஊரையே மன்றாட வைத்துவிட்டோம், சாமியாரிடம் நானே போய்ச் சொல்கிறேன்.

மதலேனா பூப்பையைக் கீழே வைத்தாள்.

"கதைன்னு எனக்குத் தெரியாதாடி? டிராகன்னு சொன்ன. நானும் ஸ்கூலுக்குப் போனவதான்."

"பிறகு எதுக்குக்கா பூசைக்கு எழுதிக் குடுத்தீங்க?"

"அதுக்காக? கால் ஒடிஞ்சு பனியில கிடக்கிறா. அப்படியே விட்டுட முடியுமா?"

பிரிஜட்டும் கண்மணியும் அவளைப் பார்த்தார்கள். மதலேனா முகத்தில் சிரிப்பு இல்லை. திரும்பி வந்துவிட்டாளா, அதை மட்டும் சொல் என்றாள். புத்தகம் கிளமெண்டிக்குப் போய்விட்டதைச் சொன்னதும் அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கும் எழுதிப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். போட்டாள். கோயில் மறுபடி மன்றாடியது. இந்த முறை பிரிஜட்டும் சேர்ந்து மன்றாடினாள். சிரிப்பு வரவில்லை. றெக்கையைப் பற்றியும் மனதுக்குள் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை நூருன்னிசா அந்தப் பட்டு ரவிக்கையையே போட்டுக்கொண்டு வந்தாள். பகல் பதினொரு மணிக்குத் தேக்கா மேல்மாடியில் கல்யாணப் பட்டு. வந்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். இறக்கினாள். மறுபடி தூக்கினாள்.

"கிழியல" என்றாள். "கல்யாண வீட்ல எல்லாரும் கேட்டாங்க, நான் ஏன் கையத் தூக்கிக்கிட்டே இருக்கேன்னு."

பிறகு பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஓரத்தை விரலால் புரட்டிக் காட்டினாள். நீலக் கட்டைவிரல்கள் வரிசையாகப் போயின.

"இருநூத்தி நாப்பதுக்கு அப்புறம் நீலம் இல்ல. என்னால தூங்க முடியல. ஒரு மனுஷிய எந்த இடத்துல நிறுத்திட்டு வந்திருக்கேன்னு அங்க போனப்பதான் தெரிஞ்சுது."

பிரிஜட் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். நூருன்னிசா அதைக் காதில் வாங்கவில்லை. பேப்பர் றெக்கையை விரித்து வைத்து, பக்கத்தில் புத்தகத்தின் முந்நூற்றுப் பதினோராம் பக்கத்தைத் திறந்தாள். முழுப் பக்கப் படம். தூக்கிய றெக்கை. அடியில், தோள் சேருமிடத்தில், மடிப்பிலிருந்து விரிந்த ஒரு துண்டுத் தோல். அகஸ்டா பனியில் கிடந்து வரைந்தது. சபை மேசையைத் தட்டுவதை நிறுத்தியது இதைப் பார்த்துத்தானாம்.

"உங்களுக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுது?"

கண்மணி கைதட்டினாள். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிரிஜட்டின் காதெல்லாம் சூடாகிவிட்டது. படத்தின்மேல் குனிந்தாள். டேப்பை எடுத்தாள். படத்தில் இருந்த துண்டை அளந்தாள், ஒரு பக்கம், இன்னொரு பக்கம், மூன்றாவது பக்கம். நிமிர்ந்தாள்.

"முக்கோணமா வச்சிருக்காங்க" என்றாள்.

"ஆமா."

"சதுரமா இருக்கணும். இது ரெண்டாவது தடவை பறக்கும்போது கிழிஞ்சிடும்."

நூருன்னிசா படத்தைப் பார்த்தாள். தன் வலது கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். சிரிப்பு வந்து வெட்டும் மேசையில் சாய்ந்துவிட்டாள். சாக்பீஸ் பெட்டி கீழே விழுந்தது.

போகும்போது புத்தகத்தை எடுத்துக்கொள்ளவில்லை. பிரிஜட்டின் சீட்டுக் கட்டிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து, பதினாறாம் தேதி என்று எழுதி, அட்டையில் குண்டூசியால் குத்தினாள். தேதி தவறக் கூடாது என்றாள். நூலகத்தில் அதற்கு மன்னிப்பே கிடையாதாம்.

மதலேனா பூ வாங்கிக்கொண்டு மேலே வந்தபோது கடையில் மெஷின் சத்தம் இல்லை. கண்மணி விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். பிரிஜட் இருநூற்று ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தாள். டேப் பல்லில் இருந்தது.

"கால்?" என்றாள் மதலேனா.

பிரிஜட் கண்ணை எடுக்காமல் ஒரு கையைத் தூக்கி, பொறுங்கள் என்று காட்டினாள்.